புதன்கிழமை ஊசிக்குப் பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று சாயங்காலம் காய்ச்சல் சொட்டு மருந்து கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். கூடவே கேள்விகளும் வரும். பாதிப் பதிலில் இருக்கும்போதே பின்னால் நிற்பவர் சீட்டை நீட்டிவிடுவார். அதனால் நிதானமாகச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பி.ஃபார்ம் படித்தவன். பிள்ளைக்கு என்ன மருந்து கொடுப்பது என்று இதில் தேடாதீர்கள். ஊசி போட்ட பிறகு நடப்பதை யார் கவனிக்கிறார்கள், எங்கே எழுதுகிறார்கள், நம்மைப் போன்ற நாடுகளில் அந்த வேலை எங்கே இடறுகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

நேற்று ஒன்றரை மாத ஊசி போட்டோம். ராத்திரி முழுக்கப் பனி. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் காய்ச்சலைப் பனி என்போம்.

ஊசி போட்ட அன்றும் மறுநாளும் லேசான காய்ச்சல், தொடையில் வலி, கொஞ்சம் வீக்கம், சிணுங்கல் எல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்த தடவை போகும்போது கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காய்ச்சல் 102 டிகிரிக்கு மேல் போனாலோ, பிள்ளை மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் அழுதாலோ, வெளிறித் துவண்டு போனாலோ, வலிப்பு வந்தாலோ, வீக்கம் பக்கத்து மூட்டையும் தாண்டிப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது கட்டாயம் எழுதிப் பதிய வேண்டிய விஷயமும்கூட.

நாள் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான், பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குக் காய்ச்சலும் தடிப்பும் வருவதாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் ஊசியையே மறந்திருப்போம். பிறந்ததும் இடது தோளில் போடும் பி.சி.ஜி. சில வாரம் கழித்துச் சின்னதாகப் பழுத்து உடைந்து தழும்பாகும். அதைப் பார்த்துப் பதறி வருபவர்கள் மாதம் இரண்டு பேராவது உண்டு. அது அந்த ஊசியின் சுபாவம்.

ஏ.இ.எஃப்.ஐ. என்று நர்ஸ் சொன்னார். ஊசியால் வந்த கெடுதல் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால்தான் பாதிச் சண்டை வருகிறது. தடுப்பூசி போட்ட பிறகு உடம்புக்கு வந்த எந்தக் கேடானாலும் அந்தப் பெயர்தான். ஊசியால் வந்ததா இல்லையா என்று அந்தப் பெயர் தீர்ப்புச் சொல்வதில்லை. முதலில் எழுது, அப்புறம் விசாரி என்பதுதான் வழக்கம்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2009-10இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. ஊசி போட்டவர்களில் ஏழு பேர் இறந்தார்கள் என்ற செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது தெரிந்த காரணங்களில் நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா எல்லாம் இருந்தன. ஆனால் அந்தத் திட்டத்தில் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிய விதமும், ஊசிக்குப் பிறகு கவனித்த விதமும் மோசம் என்று 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஊசி குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிட்டதாலேயே ஊசி போட்டவர்கள் ஒழுங்காக நடந்தார்கள் என்று ஆகிவிடாது.

அப்படியானால் காரணம் என்னவெல்லாம் இருக்கலாம்?

ஐந்து வகை சொல்வார்கள். மருந்தின் குணத்தாலேயே வருவது. தயாரிப்பில் வந்த குறை. கையாண்டதில் வந்த தவறு. பயத்தால் வருவது. தற்செயலாக அதே நேரத்தில் வந்த வேறு நோய்.

தயாரிப்புக் குறை அபூர்வம், நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பயத்தால் வருவதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கலாம். வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுவாள், பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் அடுத்தடுத்து விழுவார்கள். நடிப்பு இல்லை, உண்மையான மயக்கம்தான், ஆனால் மருந்து காரணமில்லை. காலைச் சாப்பாடு இல்லாமல் வெயிலில் நிறுத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது மூன்றாவது வகை, கையாண்ட தவறு. பெரிய அளவில் பிள்ளைகள் இறந்த சம்பவங்களைத் தேடிப் பார்த்தால் திரும்பத் திரும்ப இதுதான் வருகிறது. தட்டம்மை மருந்து பொடியாக வரும். கூடவே வரும் திரவத்தில் கரைத்துத்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் அந்தத் திரவத்துக்குப் பதிலாக, ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தில் கரைத்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு குப்பியையும் ஒரே ஃபிரிட்ஜில் வைத்திருந்ததுதான் அதற்கு வழிவிட்டது. 2017 மே மாதம் தெற்கு சூடானின் கபோயட்டா பக்கம் ஒரே சிரிஞ்சை நாலு நாள் பயன்படுத்தினார்கள், கரைத்த மருந்து குளிர்ப்பெட்டியில் இல்லை, மற்றவர்களுக்கு ஊசி குத்தியவர்களில் 12 வயதுப் பிள்ளைகூட இருந்தது. அங்கேயும் 15 குழந்தைகள் போயின.

கரைத்த தட்டம்மை மருந்தையும் பி.சி.ஜி.யையும் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும் என்பது இதனால்தான். குப்பிக்குள் கிருமி பெருகினால் சில மணி நேரத்திலேயே பிள்ளைக்கு வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து உயிர் போகும் அளவுக்குப் போய்விடும். "பத்துப் பிள்ளை சேர்ந்தால்தான் குப்பியை உடைப்போம், பதினொரு மணிக்கு வாங்க" என்று நர்ஸ் சொன்னால் கோபப்படுகிறோம். மருந்து வீணாகாமல் இருக்கத்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் நேற்று கரைத்ததை இன்றைக்குப் போட்டால் கோபப்படலாம், பட வேண்டும்.

மூன்று கட்டச் சோதனை முடித்துத்தானே மருந்து வருகிறது? அப்புறம் எதைக் கண்காணிக்க?

ஒரு கணக்கு சொல்கிறேன். 3,000 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று வையுங்கள். அதை வைத்து ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு என்று மட்டும்தான் சொல்லலாம். லட்சத்தில் ஒருவருக்கு வரும் தொல்லை சோதனையில் கண்ணில் படவே படாது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

ரோட்டாவைரஸ் பேதிக்கு அமெரிக்காவில் 1998இல் ரோட்டாஷீல்டு என்ற சொட்டு மருந்து வந்தது. குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும் தொல்லை சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வருகிறது என்று கண்டுபிடித்து 1999இலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே கண்காணிப்பு வேலை செய்தது. இந்தியாவில் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து 2016இல் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தபோது, அதே பயம் இருந்தது. வேறு கம்பெனி, வேறு மருந்து, ஆனாலும் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பல மாநிலங்களின் ஆஸ்பத்திரிகளில் குடல் சொருகலோடு வந்த குழந்தைகளை வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் உள்ளவர்கள் வருடக்கணக்கில் கணக்கெடுத்து, சொட்டு மருந்தால் அது கூடவில்லை என்று 2020இல் சொன்னார்கள். 'பாதுகாப்பானது' என்று எவரும் எழுதிவிடலாம். இந்தக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு எழுதினால்தான் அந்த வார்த்தைக்கு எடை.

வளரும் நாடுகளில் மட்டும் இது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கம்ப்யூட்டர் இல்லை, பணம் இல்லை என்பது பாதிப் பதில்தான்.

பணக்கார நாடுகளில் ஒரு பிள்ளையின் ஊசி விவரமும் ஆஸ்பத்திரி விவரமும் ஒரே எண்ணில் சேர்ந்திருக்கும். ஊசி போட்ட பத்து லட்சம் பேரில் எத்தனை பேருக்கு வலிப்பு வந்தது என்று உட்கார்ந்த இடத்தில் எடுத்துவிடுவார்கள். நம் ஊரில் ஊசி சுகாதார நிலையத்தில், காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக், வலிப்பு வந்தால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். மூன்று சீட்டும் மூன்று பிளாஸ்டிக் கவரில் அலமாரியில் கிடக்கும். குழந்தை வீட்டிலேயே இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதிக்க மனம் வராது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் காரணம் அந்தப் பிள்ளையோடு புதைந்துவிடுகிறது.

இன்னொன்று, வழக்கமாக எத்தனை என்று தெரியாதது. இதையும் ஒரு கணக்கில் சொல்கிறேன். எண்கள் கற்பனை, கணக்குக்காக மட்டும். ஒரு பகுதியில் முதல் மாதம் தாண்டிய பிள்ளைகளில் வருடத்துக்கு 500 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன் ஏதோ நோயால் இறக்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சமுள்ள சுமார் 335 நாளில் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளைக்கு ஊசி நாள் நாலு: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம், அப்புறம் ஒன்பதாவது மாதம். ஊசி போட்ட நாளும் மறுநாளும் என்று கணக்கு வைத்தால் எட்டு நாள். ஊசியில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும் 12 குழந்தைகள் அந்த எட்டு நாளில் இறந்திருக்கும். 12 என்றால் வழக்கம்தான், 40 என்றால் ஏதோ தப்பு. ஆனால் வழக்கமான எண் தெரியாத ஊரில் 12-உம் பயமுறுத்தும், 40-உம் கண்ணில் படாமல் போகும்.

ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி வந்தபோது நடந்தது இதுதான். இலங்கை 2008 ஜனவரியில் தொடங்கி, சில இறப்புகளுக்குப் பிறகு அந்த வருடமே நிறுத்தியது, 2010இல் மறுபடி தொடங்கியது. பூடான் 2009இல் தொடங்கிய வேகத்தில் நிறுத்தி 2011இல் தொடர்ந்தது. வியட்நாம் 2013இல் சில மாதம் நிறுத்தியது. நிபுணர்கள் விசாரித்து இறப்புகளுக்கு ஊசி காரணமில்லை என்றுதான் முடிவாயிற்று. இந்தியாவில் இந்த ஊசியை முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் வந்தது என்று சொல்லலாம். அப்போது கடையில் தினமும் இதே பேச்சுதான்.

சொன்னால் நர்ஸ் மேல் நடவடிக்கை வருமே? பாவம், நல்ல பிள்ளை.

என்னைக் கேட்டால், நம் நாட்டில் இந்தக் கண்காணிப்பின் மிகப் பெரிய ஓட்டை இந்தக் கேள்விதான். எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் இது அடைபடாது.

என் அக்கா மகளின் பிள்ளைக்கு ஒன்றரை வயது ஊசி போட்ட ஐந்தாம் நாள் தொடையில் கட்டி வந்து பழுத்தது. ஒரு தனியார் கிளினிக்கில் கீறிச் சீழ் எடுத்தார்கள். "இதை அறிக்கையாக எழுத மாட்டீர்களா?" என்று கேட்டேன். "எதற்கு வம்பு, சிலருக்கு இப்படி வரும்" என்றார் டாக்டர். ஊசி போட்ட நர்ஸிடம் கேட்டபோது முகம் வெளுத்துவிட்டது: "அண்ணே, எழுதினால் எனக்கு மெமோ வரும்." கடைசியில் யாரும் எழுதவில்லை. நானும் விட்டுவிட்டேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. கட்டி பழுத்தால் ஊசி, பஞ்சு, குப்பி, கை இதில் ஏதோ ஒன்று சுத்தமாக இல்லை என்ற சந்தேகம் வர வேண்டும். அதே குப்பியில் அன்று வேறு யாருக்குப் போட்டார்கள் என்று பார்த்திருந்தால் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருந்ததா என்று தெரிந்திருக்கும். எழுதாததால் தெரியாது.

எவ்வளவு எழுத வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் பல வருடம் பயன்படுத்திய ஒரு அளவுகோல் உண்டு. ஒரு வயது தாண்டிப் பிழைக்கும் குழந்தைகள் ஒரு லட்சம் பேருக்கு, வருடத்தில் குறைந்தது பத்து அறிக்கையாவது வர வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த நாட்டில் கண்காணிப்பு சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். "எங்கள் வட்டாரத்தில் ஒரு பக்க விளைவும் இல்லை" என்று ஒரு அதிகாரி மார்தட்டினால் எனக்குப் பயம் வந்துவிடும்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைகள் இறந்தபோது தமிழ்நாடே கலங்கியது. கிராமத்துக்கு வந்து ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் இருக்கும் தாய்க்கும், விடியும் முன் பால்வெட்டப் போகும் ரப்பர் தோட்டக்காரருக்கும் அது ஒரு நாள் கூலி இழப்பு.

பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சமோவாவைப் பார்க்கலாம். பசிபிக்கில் இரண்டு லட்சம் பேர் உள்ள தீவு நாடு. 2018 ஜூலையில் தட்டம்மை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. நர்ஸுகள் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாகத் தசை தளர்த்தும் மருந்தைக் கலந்திருந்தார்கள், சிரியாவில் நடந்த அதே தவறு. மருந்தில் குறை இல்லை என்பது ஊருக்குத் தெளிவாகப் புரியும் முன்பே ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, ஜனங்களின் நம்பிக்கையும் போனது. நர்ஸுகள் சிறைக்குப் போனார்கள். 2019 கடைசியில் தட்டம்மை பரவியது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. தவறு பறித்தது இரண்டு உயிர். அதை விசாரித்து, வெளிப்படையாகச் சொல்லி, சீக்கிரம் திரும்பத் தொடங்கத் தெரியாததற்குக் கொடுத்த விலை மற்றதெல்லாம்.

சரி, சொன்னேன். அந்தத் தாள் எங்கே போகிறது?

கிராம சுகாதார செவிலியரிடம் அல்லது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னால், கடுமையானதாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டத் தடுப்பூசி அதிகாரிக்குப் போக வேண்டும். எங்களுக்கு அது நாகர்கோவில். அங்கிருந்து மாநிலத்துக்கும் டில்லிக்கும். மாவட்டக் குழு வந்து விசாரிக்கும். ஃபிரிட்ஜ் வெப்பநிலைப் புத்தகம், குப்பி எண், அன்று ஊசி போட்ட மற்றப் பிள்ளைகள் எல்லாம் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மருந்து மாதிரி இமாச்சலத்தின் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகும். பிறகு மாநில, தேசியக் குழுக்கள் காரணத்தைத் தீர்மானிக்கும். தேசியக் குழு 2008இல் அமைந்தது, அதற்கென்று தனிச் செயலகம் 2012இல் வந்தது. தீர்ப்பு நாலு பிரிவில் ஒன்றாக இருக்கும்: ஊசியோடு பொருந்துகிறது, முடிவு சொல்ல முடியவில்லை, பொருந்தவில்லை, தகவல் போதவில்லை. கடைசிப் பிரிவில் விழுவதுதான் எனக்கு வருத்தம். யாரோ ஒரு சீட்டைத் தொலைத்ததால் ஒரு பிள்ளையின் கதை அங்கே போய் முடங்கும்.

மருந்துகளின் பக்க விளைவுக்கென்று 2010இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்றும் உண்டு, தலைமையிடம் காசியாபாத். அங்கே சேரும் அறிக்கைகள் சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலகக் களஞ்சியத்துக்குப் போகின்றன. தாலிடோமைடு மாத்திரையால் கை கால் குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்த கொடுமைக்குப் பிறகு, 1968இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய வேலை அது. குளச்சலில் ஒரு பிள்ளைக்கு வந்த தடிப்பும் கானாவில் ஒரு பிள்ளைக்கு வந்த தடிப்பும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அபூர்வமான தொல்லை தெரியவரும்.

நாங்கள் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்துக்குத்தானே போகிறோம்?

இது எங்கள் மாவட்டத்துக்கே உள்ள சங்கதி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் எவ்வளவோ பக்கம். பிள்ளைக்கு இங்கே ஊசி போட்டு, வலிப்புக்கு அங்கே சேர்த்தால், ஊசி ஒரு மாநிலத்தின் ஏட்டிலும் வியாதி இன்னொரு மாநிலத்தின் ஏட்டிலும் நிற்கும். அங்கே உள்ள டாக்டர் எழுதினால் தகவல் இங்கே வந்து சேர வேண்டும். ஆனால் ஊசி போட்ட தேதியையே நீங்கள் சொல்லாவிட்டால் அவர் எதை எழுதுவார்? அவசரத்திலும் தாய் சேய் நல அட்டையைக் கையில் எடுங்கள். திரும்பி வந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றை உங்கள் செவிலியரிடம் கொடுங்கள். சீட்டு மலையாளத்தில் இருக்குமோ என்று கவலைப்படாதீர்கள், ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதுவும் யாருக்கும் புரியாத கையெழுத்தில்.

நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்தாரே?

2021 ஏப்ரல் 15 அன்று கொரோனாவுக்கான கோவாக்சின் ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். அந்த வாரம் என் கடையில் வேறு பேச்சே இல்லை. ஊசி போடக் கிளம்பியவர்கள்கூட வீட்டுக்குத் திரும்பினார்கள். தேசியக் குழு விசாரித்து, அந்த மரணம் ஊசியோடு பொருந்தவில்லை, தற்செயல் என்று சொன்னது. அது வெளியே வந்தது அக்டோபரில். ஆறு மாதம்! முடிவு சரியாகவே இருக்கட்டும், ஆறு மாதம் ஊர் வாயை யார் கட்டிவைப்பது? விசாரணை மெதுவாகத்தான் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்ன கட்டத்தில் இருக்கிறது, இன்னது பார்க்கிறோம் என்று நடுவில் சொல்லலாமே.

ஊசியால் மரணமே இல்லை என்று அரசு மறைக்கிறது என்பவர்களுக்கு ஒன்று: அதே 2021இல், மார்ச் மாதம் ஊசி போட்டு இறந்த 68 வயதுக்காரர் ஒருவரின் மரணம் ஊசியால் வந்த கடும் ஒவ்வாமைதான் என்று தேசியக் குழுவே எழுத்தில் ஒப்புக்கொண்டது.

கோவிஷீல்டால் ரத்தம் உறைவது வெளிநாட்டில் அதிகம், இங்கே குறைவு என்றார்களே?

2021 மே மாதம் அரசு வெளியிட்ட கணக்கில், ரத்த உறைவு என்று சந்தேகப்படும்படி வந்தவை 26, பத்து லட்சம் டோஸுக்கு 0.61. பிரிட்டனில் அது 4, ஜெர்மனியில் 10 என்று அதே அறிக்கை சொன்னது. நம் உடம்பு வாகு வேறு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 0.61 என்பது எழுதி வந்தவற்றின் எண்ணிக்கை. தலைவலி என்று வந்தவருக்கு ஸ்கேனும் பிளேட்லெட் சோதனையும் எடுக்காத ஊரில் இந்த நோய்க்குப் பெயரே கிடைக்காது. குறைந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். தேடிக் கேட்டு வந்த எண்ணும், கேட்காமலே வந்த எண்ணும் ஒன்றாகாது.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா?

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது வந்த வதந்தி ஆடியோக்களைக் கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. தேதி, ஊர், ஊசியின் பெயர் மூன்றும் இல்லாத செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

டாக்டர் எழுத மாட்டேன் என்கிறார். நானே எழுதலாமா?

எழுதலாம். காசியாபாத் மையத்தின் இலவச எண் 1800-180-3024. பொதுமக்கள் நிரப்ப எளிய படிவம் தமிழிலும் உண்டு. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும், யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்ன அதே தீர்ப்பில், மக்களும் தனியார் டாக்டர்களும் பக்க விளைவுகளைத் தாங்களே பதிய வழி செய்யச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. என் போன்ற மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாலும் நிரப்பித் தருவோம், புதன்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்.

என்ன ஊசி, எந்த வேளை, குப்பியின் பேட்ச் எண், எத்தனை மணி நேரம் கழித்து என்ன ஆனது, எந்த ஆஸ்பத்திரி, இப்போது பிள்ளை எப்படி இருக்கிறது: இவ்வளவு போதும். பேட்ச் எண் அட்டையில் இல்லாவிட்டால் சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். உங்களுக்குத் தோன்றும் காரணத்தை எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், பனி என்று எழுதாதீர்கள், காய்ச்சல் என்று எழுதுங்கள். போன வருடம் ஒருவர் "ஊசி போட்ட ராத்திரி கடும் பனி" என்று எழுதி எடுத்து வந்தார். நான் பார்க்காமல் விட்டிருந்தால், படிவத்தைப் படிக்கும் ஆள் கன்னியாகுமரியில் ஜன்னலைச் சாத்தித் தூங்கச் சொல்லியிருப்பார்.